சிறையில் பதிவான குரல்: ஹியூடி லெட்பெட்டர் சரித்திரம்

நூல்நிலையங்களிலும் அருங்காட்சிச் சாலைகளிலும் பல ஆண்டுகளாகப் பாதுகாக்கப்பட்டு வரும் பழைய குரற்பதிவுகளைத் தூசி தட்டி எடுத்து, நவீன யந்திரங்களைக் கொண்டு கரகரப்பை நீக்கி, மறுபடியும் விலைக்கு விற்பது இக்காலத்தில் ஒரு பெரிய வியாபாரமாகிவிட்டது. அந்தக் குரல்கள் சினிமாப் படங்களிலும் விளம்பரங்களிலும் கேட்கின்றன. பாடியவரோ மண்ணுக்குள் போய் அரை நூற்றாண்டுக்கு மேலாகியிருக்கும். அவர் இதற்குச் சம்மதித்தாரா, சம்மதித்திருந்தால் எந்த நிலையில் சம்மதித்தார், வரும் பணத்தில் அவருடைய சந்ததிக்குப் பாத்தியதை உண்டா என்ற கேள்விகள் எழுகின்றன. சட்ட நிபுணர்கள் இவற்றைப் பற்றி ஏடு ஏடாக எழுதியிருக்கிறார்கள். நாம் அந்த ஏடுகளைப் புரட்டுவதைவிட ஒரு மனிதருடைய வாழ்க்கையைச் சற்று ஊன்றிப் பார்ப்பது மேலென்று கருதுகிறோம். ஏனெனில் இக்கேள்விகள் யாவும் அந்த ஒரே வாழ்க்கையில் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து நிற்கின்றன.

ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில் லூயிஸியானா என்ற ராஜ்யத்தில், கேடோ ஏரிக்கு அருகேயுள்ள மூரிங்ஸ்போர்ட் என்ற சிற்றூர்ப் பக்கத்தில், 1880-களின் கடைசியில் ஹியூடி லெட்பெட்டர் பிறந்தார். பிறந்த ஆண்டு 1888 என்பாரும் 1889 என்பாரும் உண்டு. கறுப்பினத்தவருக்குக் கிடைத்த சுதந்திரம் அந்நாட்களில் ஏட்டளவில்தான் இருந்தது. பருத்திக் காட்டில் பாடுபட்டு, விளைந்ததில் பாதியை நிலக்காரனுக்கு அளந்துவிட்டு, மிச்சத்தில் கடனைக் கழித்துக்கொள்வதே அவர்களுக்கு விதிக்கப்பட்டிருந்த வாழ்வு. ஹியூடி சிறுவயதிலேயே வாத்தியம் பழகினார். முதலில் அக்கார்டியன், பிறகு கிதார். ஷ்ரீவ்போர்ட் நகரத்தில் இரவு முழுதும் கூத்தும் குடியுமாக இருந்த பானின் தெருவில் பாடித் தேர்ந்தார். டல்லாஸ் நகரத்தில் பிளைண்டு லெமன் ஜெபர்சன் என்ற பார்வையற்ற பாடகருடன் சேர்ந்து தெருக்களில் வாசித்தார். அங்கே அவர் கைக்கு வந்தது பன்னிரண்டு தந்தி கிதார். சாதாரணக் கிதாருக்கு ஆறு தந்திகளே உண்டு. இந்தக் கிதாரின் முழக்கம், பத்துப் பேர் கூச்சலிடும் கூடத்திலும் அடங்காமல் மேலெழும்பிக் கேட்கக்கூடியது.

அவருடைய கை கிதாரில் எவ்வளவு வேகமோ சண்டையிலும் அவ்வளவு வேகம். இதை மறைத்துச் சரித்திரம் எழுதுவது சரியன்று. 1915-ல் தண்டனை பெற்றுச் சங்கிலிக் கைதிகளுடன் வேலை செய்யும்படி அனுப்பப்பட்டார். அங்கிருந்து தப்பியோடி வேறு பெயரில் வாழ்ந்தார். 1917-ன் இறுதியில் உறவினர் ஒருவர் கொலையுண்டார். அந்தக் குற்றத்திற்காக, ஏழு வருஷத்திற்குக் குறையாத தண்டனையுடன் டெக்ஸாஸ் ஜெயில் பண்ணைக்குப் போனார். லெட்பெல்லி, அதாவது ஈய வயிறன், என்ற பட்டப்பெயர் ஜெயில் வாழ்க்கையிலேயே அவருக்கு ஒட்டிக்கொண்டதாகச் சொல்வதுண்டு. உலகம் அவரை அறிந்தது அந்தப் பெயராலேயே. ஆயினும் நாம் அவருடைய பெற்றோர் இட்ட பெயரைக் கொண்டே அவரை அழைக்க விரும்புகிறோம்.

டெக்ஸாஸில் அப்போது பாட் நெப் என்பவர் கவர்னராக இருந்தார். கைதிகளுக்கு மன்னிப்பு வழங்கும் வழக்கத்தில் ஊழல் மலிந்திருந்ததால், தாம் எளிதில் யாரையும் மன்னிப்பதில்லை என்று வாக்களித்துப் பதவிக்கு வந்தவர். அவர் ஜெயில் பண்ணைக்கு வந்தபோதெல்லாம் விருந்தினர் மகிழப் பாடும்படி ஹியூடியை அழைத்தார்கள். ஒரு தடவை அவர் தம் விடுதலையை வேண்டித் தாமே கட்டிய பாட்டைக் கவர்னர் முன் பாடினார். கவர்னர் தமது பதவிக்காலம் முடியும் தறுவாயில், 1925 ஜனவரியில், முழு மன்னிப்பு அளித்தார். புலவர் பாடிப் பிறர் உயிரை மீட்ட கதைகள் நம் புறநானூற்றில் உண்டு. தம்மையே பாடி மீட்டுக்கொண்ட பாணர் இவர்.

ஐந்து வருஷம் கழியுமுன் மறுபடியும் சண்டை. இம்முறை கத்திக் காயம் பட்டவர் ஒரு வெள்ளையர். 1930-ல் கொலை முயற்சிக் குற்றத்திற்காக ஆறிலிருந்து பத்து வருஷம் வரை தண்டனை விதித்து, லூயிஸியானாவின் அங்கோலா ஜெயிலுக்கு அனுப்பினார்கள். கொடுமைக்குப் பேர்போன ஜெயில் அது.

இங்கேதான் நம் விஷயம் தொடங்குகிறது. 1933 ஜூலை மாதத்தில் ஜான் லோமாக்ஸ் என்ற அறுபத்தைந்து வயது முதியவரும், அவருடைய மகன் ஆலன் என்ற பதினெட்டு வயது வாலிபரும் அங்கோலா வாயிலில் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய மோட்டார் வண்டியின் பின்புறத்தில் 300 ராத்தலுக்கு மேற்பட்ட எடையுள்ள குரற்பதிவு யந்திரம் ஒன்று இருந்தது. வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூல்நிலையத்திற்காக நாட்டுப் பாடல்களைச் சேர்க்க அவர்கள் புறப்பட்டிருந்தார்கள். (காங்கிரஸ் என்பது அமெரிக்க நாட்டுச் சட்டசபையின் பெயர் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.) ரேடியோவும் கிராமபோனும் எட்டாத இடத்தில்தான் பழைய பாட்டுகள் கலப்பில்லாமல் இருக்கும் என்பது லோமாக்ஸின் எண்ணம். அத்தகைய இடம் ஜெயிலைவிட வேறெது? அந்த எண்ணத்திலுள்ள கொடுமை அவருக்குப் பட்டதாகத் தெரியவில்லை. மனிதரைப் பல ஆண்டுகள் உலகத்திலிருந்து பிரித்து அடைத்துவைத்தது, பாட்டு கெடாமலிருக்க நல்ல ஏற்பாடாகவே அவருக்குத் தோன்றியது.

ஹியூடியின் குரலைக் கேட்டவுடன் தாங்கள் புதையலைக் கண்டுவிட்டதாகத் தந்தையும் மகனும் உணர்ந்தார்கள். ஐரீன் என்ற பெண்ணை விளித்துப் பாடும் வால்ட்ஸ் மெட்டுப் பாட்டு முதலாகச் சில பாட்டுகள் பதிவாயின. மறு வருஷம் ஜூலையில் லோமாக்ஸ் மேலும் சிறந்த யந்திரத்துடன் திரும்பி வந்தார். அப்போது ஹியூடி, லூயிஸியானா கவர்னர் ஆலனுக்கு ஒரு விண்ணப்பப் பாட்டைத் தட்டில் பாடிக் கொடுத்தார். லோமாக்ஸ் அதைக் கவர்னர் காரியாலயத்தில் சேர்த்தார். 1934 ஆகஸ்டு 1-ந் தேதி ஹியூடி விடுதலையானார். பாட்டு வென்றதென்ற கதை பத்திரிகைகள் மூலம் உலகெங்கும் பரவியது. உண்மை அவ்வளவு ரசமானதன்று. நன்னடத்தைக்காகத் தண்டனையைக் குறைக்கும் சாதாரண விதிப்படியே விடுவித்தோம் என்று ஜெயில் அதிகாரிகள் பின்னர் தெரிவித்தார்கள். ஆனால் ஹியூடி தம்மை மீட்டவர் லோமாக்ஸே என்று நம்பினார். லோமாக்ஸும் அந்த நம்பிக்கையைக் கலைக்க அவசரப்படவில்லை.

இந்த நிலையில் சம்மதம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று நாம் கேட்கவேண்டியிருக்கிறது. பூட்டிய கதவுக்குள் இருப்பவனிடம் காவலனுடைய அனுமதியோடு வந்து, பாடு என்கிறார் ஒருவர். அவரோ வெள்ளையர். சர்க்கார் கடிதத்துடன் வந்தவர். கவர்னரைச் சந்திக்கக்கூடியவர். பாடமாட்டேன் என்று சொல்லும் சக்தி எந்தக் கைதிக்கு உண்டு? ஹியூடி விருப்பத்துடனேயே பாடினார், பெருமையுடனும் பாடினார். அது மெய். ஆனால் அவர் பாடியது நூல்நிலையத்திற்கு. கடைக்கு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அன்று லோமாக்ஸும் அப்படி நினைத்திருக்கமாட்டார்.

விடுதலையானதும் ஹியூடி லோமாக்ஸிடம் வேலைக்குச் சேர்ந்தார். வண்டி ஓட்டினார்; யந்திரத்தைத் தூக்கி இறக்கினார்; மற்ற ஜெயில்களில் கைதிகள் கூச்சப்பட்டு நின்றபோது தாமே முன்னின்று பாடிக் காட்டி, லோமாக்ஸ் தேடும் பாட்டு இன்னதென்று விளக்கினார். அந்த ஆண்டின் டிசம்பர் கடைசியில் பிலடெல்பியாவில் மொழியியல் பேராசிரியர்கள் கூடிய மகாநாட்டில் லோமாக்ஸ் அவரை மேடையேற்றினார். சில நாட்களில் நியூயார்க்குப் பத்திரிகைகள் முழுவதும் அவருடைய பெயர். பாட்டைவிடக் கொலைக் கதையே பெரிய எழுத்தில் அச்சாயிற்று.

புகழ் வந்தவுடன் ஒப்பந்தமும் வந்தது. லோமாக்ஸ் ஐந்து வருஷத்திற்கு அவருடைய நிர்வாகி. வரும்படியில் சரிபாதி லோமாக்ஸுக்கு. சில வாரங்களில் அது திருத்தப்பட்டது. மகன் ஆலனும் பங்குதாரரானார். ஆகவே தந்தைக்கு ஒரு பங்கு, மகனுக்கு ஒரு பங்கு, பாடியவருக்கு ஒரு பங்கு. மூன்றில் இரண்டு பாகம் பாடாதவர்களுக்குப் போயிற்று. அவர்கள் உழைக்கவில்லையென்று நாம் சொல்லவில்லை. கச்சேரிகளை ஏற்பாடு செய்ததும், புஸ்தகம் எழுதியதும், கல்விமான்களுக்கு அறிமுகம் செய்ததும் அவர்களே. ஆயினும் அந்தக் கணக்கை நம் ஊர்த் தராசில் நிறுத்தால் முள் எந்தப் பக்கம் சாயும் என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

அதே 1935-ல் ஒரு செய்திப்படக் கம்பெனி இக்கதையைப் படமெடுத்தது. ஹியூடி மறுபடியும் கைதியின் கோடுபோட்ட உடையை அணிந்து கிதார் வாசித்தார். பிறகு லோமாக்ஸ் எதிரில் வந்து, ஆயுள் முழுவதும் ஊழியம் செய்வதாகக் கெஞ்சும் காட்சியில் நடித்தார். விடுதலையான மனிதனைச் சிறையுடையில் நிறுத்திக் காசு வாங்கிய அந்தப் படச்சுருள் இன்றும் இருக்கிறது. பார்ப்பவர் முகம் சுளிக்காமல் பார்க்கமுடியாது. அவ்வருஷம் ஒரு கிராமபோன் கம்பெனிக்காக நாற்பதுக்கு மேற்பட்ட பக்கங்கள் பாடிப் பதிவு செய்தார். அவற்றில் சிலவே வெளிவந்தன, அவையும் விலைபோகவில்லை.

மார்ச்சு மாதத்தில் இருவருக்கும் பிளவு நேர்ந்தது. வசூலான பணம் முழுவதும் லோமாக்ஸ் கையில் இருந்தது. கொடுத்தால் குடித்துவிடுவார் என்று அவர் அதைச் சிறு சிறு பகுதிகளாகவே கொடுக்க விரும்பினார். ஹியூடி தம் பணத்தைத் தாம் கேட்டார். வார்த்தை முற்றிக் கத்தி வெளிப்பட்டதென்றும் சொல்கிறார்கள். கடைசியில் லோமாக்ஸ் அவரையும் அவர் மனைவி மார்த்தாவையும் லூயிஸியானாவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். ஊர் சேர்ந்த ஹியூடி வக்கீல் வைத்தார். இரண்டு தடவை ஜெயிலில் கிடந்த, பள்ளிப்படிப்பு அதிகமில்லாத மனிதர், பேராசிரியர்களும் சர்க்கார் நூல்நிலையமும் மதித்துப் போற்றிய ஒருவர்மீது உரிமை கோரி நின்றதை நாம் சாமானியமாக எண்ணவில்லை. மிச்சப் பணம் வந்தது, ஒப்பந்தமும் ரத்தாயிற்று. 1936-ல் லோமாக்ஸ் தந்தையும் மகனும் எழுதிய புஸ்தகம், ஹியூடி பாடிய பாட்டுகளையும் அவருடைய சரித்திரத்தையும் தாங்கி வெளிவந்தது.

பின்னர் நியூயார்க்கில் குடியேறிய ஹியூடிக்கு வறுமையே துணையாயிற்று. ஹார்லெம் பகுதியிலிருந்த அவர் இனத்தவரே அவரைப் பெரிதாக வரவேற்கவில்லை. கிராமத்துத் துயரத்தை மறக்க நகரத்துக்கு ஓடிவந்தவர்களுக்கு அந்தப் பாட்டு ருசிக்கவில்லை போலும். 1937-ல் ஒரு பிரபலப் படப் பத்திரிகை அவரைப் பற்றி எழுதிய கட்டுரைக்குத் தலைப்பிலேயே அவருடைய இனத்தை இழிக்கும் சொல்லைப் போட்டது. அதே ஆண்டில் நடந்த மற்றொன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. காங்கிரஸ் நூல்நிலையத்தில் பாடிப் பதிவு செய்வதற்காக அவர் மனைவியுடன் வாஷிங்டனுக்குப் போனார். வெள்ளையரான ஆலனுடன் சேர்ந்து வந்த இந்தக் கறுப்புத் தம்பதிகளுக்கு இராத் தங்க இடம் தர அந்நகரத்தில் ஆளில்லை. அவருடைய குரலைத் தேசத்தின் சொத்தாகக் காப்பாற்றிவைத்த ராஜதானி அவருக்கு ஓர் அறை கொடுக்கவில்லை. அவர் அந்த அவமானத்தையே பொருளாக வைத்து, தலைநகரத்தைச் சாடிப் பாட்டுக் கட்டிவிட்டார். அதுவும் இப்போது பிரசித்தமான பாட்டாக இருக்கிறது.

1939-ல் மீண்டும் ஒரு கத்திக்குத்து வழக்கு. வக்கீல் செலவுக்காக ஆலன் லோமாக்ஸ் தமது ஸர்வகலாசாலைப் படிப்பை நிறுத்திவிட்டுப் பணம் திரட்டினார் என்பதையும் சொல்லவேண்டும். மகனுடைய கணக்கு வேறு, தந்தையுடைய கணக்கு வேறு. அந்நாட்களில் ஒரு சிறு கம்பெனிக்கு இசைத்தட்டுகள் பாடிக்கொடுத்தார். 1941 முதல் மோஸஸ் ஆஷ் என்பவர் தமது சிறு ஸ்தாபனத்தில் அவரை அடிக்கடி பாடவைத்துப் பதிவு செய்தார். குழந்தைகளுக்கு அவர் பாடிய விளையாட்டுப் பாட்டுகளை ஆஷ் வெளியிட்டபோது, கொலைகாரன் குழந்தைகளுக்குப் பாடுவதா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. 1949-ல் பாரிஸ் நகரத்துக்குக் கச்சேரிக்குப் போனார். அங்கேதான் நரம்புத் தளர்ச்சி நோய் அவரைப் பற்றியிருப்பது தெரிந்தது. முழக்கத்திற்குப் பேர்போன அந்தக் கைகள் ஓய்ந்தன. 1949 டிசம்பர் 6-ந் தேதி நியூயார்க்கு ஆஸ்பத்திரியில் காலமானார். பிறந்த ஊருக்கு அருகேயுள்ள ஷைலோ மாதாகோவில் மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.

அடுத்த வருஷமே நடந்தது எவர் மனத்தையும் உறுத்தும். வீவர்ஸ் என்ற நால்வர் கோஷ்டி, ஐரீன் பாட்டைச் சற்று மிருதுவாக்கி, வாத்தியக் கூட்டத்துடன் பாடி வெளியிட்டது. 1950-ல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 13 வாரங்கள் அது முதலிடத்தில் நின்றது. பிரபல சினிமாப் பாடகர்களும் விழுந்தடித்துக்கொண்டு பாடினார்கள். பாட்டின் உரிமை ஹியூடி லெட்பெட்டர், ஜான் லோமாக்ஸ் என்ற இருவர் பெயரிலும் பதிவாகியிருந்தது. பதிப்பக ஸ்தாபனமும், லோமாக்ஸ் குடும்பமும், விதவை மார்த்தாவும் பங்கு பெற்றார்கள். ஜான் லோமாக்ஸ் 1948-லேயே இறந்துவிட்டார். ஆகவே பாடியவரும் சேகரித்தவரும் காணாத செல்வம் அது. ஹியூடி இன்னும் ஆறு மாதம் இருந்திருந்தால், வீட்டு வாடகைக்குத் தவிக்காத ஒரு நாளைக் கண்ணாரக் கண்டிருப்பார்.

இங்கே நாம் வாசகர்களைச் சற்று நிறுத்தவேண்டும். அந்த ஐரீன் பாட்டு ஹியூடி இயற்றியதுதானா? 1886-ல் கஸ்ஸி டேவிஸ் என்ற கறுப்பினப் புலவர் இதே பெயரில் ஒரு பாட்டை அச்சிட்டிருக்கிறார். அதன் சாயல் ஹியூடியின் பாட்டில் இருக்கிறது. ஹியூடி அதைத் தம் சிற்றப்பன் வாயிலாகக் கற்று, வெட்டியும் ஒட்டியும் தம்முடையதாக்கிக்கொண்டவர். இன்னொன்று இதைவிடக் கூர்மையானது. ராக் ஐலண்டு ரயில்பாதையைப் பற்றிய பாட்டு ஹியூடியின் பெயரால் உலகம் சுற்றி வருகிறது. அதன் மூலம் 1929-ல் லிட்டில் ராக் நகரத்து ரயில்வே பட்டறைக் கறுப்பினத் தொழிலாளிகள் சேர்ந்து பாடிய பாட்டு. அது ஜெயிலுக்குள் புகுந்தது. 1934-ல் அர்க்கன்ஸாஸ் ஜெயில் பண்ணைகளில் கைதிகள் அதை லோமாக்ஸின் யந்திரத்தில் பாடினார்கள். அப்போது யந்திரத்தருகே உதவிக்கு நின்றவர் ஹியூடி. அவர் காதால் வாங்கி, நகரத்து மேடைகளில் தம் பாணியில் பாடினார். 1950-களில் லானி டானிகன் என்ற ஆங்கிலப் பாடகர் அதைப் பாடி இரு கண்டங்களிலும் பேர் வாங்கினார். டானிகனுக்கோ அந்தப் பதிவுக்காகக் கிடைத்தது அற்பக் கூலி, ராயல்டி இல்லை.

எனவே இந்தச் சங்கிலியில் ஏமாந்தவர் யார், ஏமாற்றியவர் யார் என்று பிரித்துக் கட்டுவது எளிதன்று. பட்டறைத் தொழிலாளி, ஜெயில் கைதி, உதவியாளர், சேகரிப்பவர், கம்பெனி என்று கை மாறிக்கொண்டே வந்தது பாட்டு. நாட்டுப் பாட்டு எல்லோருக்கும் பொதுவானது என்று வாதிப்பவர்கள் இதைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அந்த வாதத்தில் பாதி நியாயம் உண்டு. மறுபாதியை அவர்கள் கவனிப்பதில்லை. பாட்டு பொதுவாயிருக்கலாம், குரல் பொதுவாகாது. ஐரீன் பாட்டை ஆயிரம் பேர் பாடலாம். 1933 ஜூலையில் அங்கோலா வாயிலில் எழுந்த அந்தக் குரல் ஹியூடியுடையது. அதை விற்பவர் அவரைக் கேட்கவேண்டும்; அவர் இல்லையென்றால் அவருக்குரியவர்களைக் கேட்கவேண்டும். பொதுச் சொத்து என்று சொல்லிக்கொண்டே உரிமைப் பத்திரத்தில் தங்கள் பெயரைச் சேர்த்துக்கொண்டவர்களுக்கு இந்த வேற்றுமை நன்றாகவே தெரிந்திருந்தது.

1966-ல் ஒரு வியாபாரக் கம்பெனி, காங்கிரஸ் நூல்நிலையத்தில் இருந்த அவருடைய பதிவுகளைத் தொகுத்து மூன்று தட்டுகளாக வெளியிட்டது. நூல்நிலையத்திற்குப் பாடியது அப்படித்தான் கடைக்கு வந்து சேர்ந்தது. அதனால் நன்மையும் விளைந்தது. அவர் பாட்டைக் கேளாத ஒரு தலைமுறை கேட்டது. 1993-ல் நிர்வாணா என்ற இளைஞர் கோஷ்டி, ஹியூடி பாடிய பழைய பாட்டொன்றை நியூயார்க்கு மேடையில் பாடியது. அதன்பின் அவருடைய தட்டுகளை வாங்கியவர்கள் அநேகர். மோஸஸ் ஆஷ் சேர்த்துவைத்த பதிவுகள் யாவும் 1987-ல் ஸ்மித்ஸோனியன் என்ற தேசிய ஸ்தாபனத்தைச் சேர்ந்தன.

சட்டம் இந்த விஷயத்தில் மிகவும் பின்தங்கியே நடந்தது. அமெரிக்காவில் 1972 பிப்ரவரி 15-க்கு முற்பட்ட குரற்பதிவுகளுக்கு மத்திய சர்க்கார்ச் சட்டத்தின் பாதுகாப்பே கிடையாது. ஒவ்வொரு ராஜ்யமும் தனக்குத் தோன்றிய விதியை வைத்திருந்தது. 2018-ல் இயற்றிய சட்டமே முதன்முதலாக அவற்றையும் ஒழுங்கில் கொண்டுவந்தது. 1935-ல் வெளியான தட்டுக்கு 2035 முடியும்வரை பாதுகாப்பு உண்டு. 1956-க்குப் பின் முதன்முதலாக வெளிவந்த பழைய பதிவுக்கு 2067 வரை உண்டு. கேட்பவர் பாட்டைத் தேர்ந்தெடுக்க இடமில்லாத யந்திர ரேடியோக்களில் பழைய தட்டை ஒலிபரப்பினால், அதில் வரும் தொகையில் 45 சதவிகிதம் முதன்மைப் பாடகருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ சேரவேண்டும். தட்டின் உரிமையாளருக்குப் பாதி. பக்கவாத்தியக்காரர்களுக்கு 5 சதவிகிதம். லோமாக்ஸ் ஒப்பந்தத்தின் மூன்றில் ஒரு பங்கோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றமே.

ஆனால் இந்தச் சட்டமும் தட்டு யாருடையது என்று கேட்கிறதேயன்றி, பாடியவன் எந்த நிலையில் சம்மதித்தான் என்று கேட்பதில்லை. சினிமாக்காரரும் விளம்பரக்காரரும் உரிமையாளரோடு பேசிமுடித்தால் போதும். ஹியூடிக்காவது பெயர் உண்டு, சரித்திரம் உண்டு, சேரவேண்டியதைக் கேட்டு வாங்க உறவினர் உண்டு. அர்க்கன்ஸாஸ் ஜெயில் பண்ணையில் அவர் எதிரே வரிசையாக நின்று ரயில்பாட்டைப் பாடிய கைதிகளில் முன்பாடகர் ஒருவரைத் தவிர மற்றவர்களை உலகம் அறியாது. அவர்களுடைய குரல்களும் அதே நூல்நிலையத்தில், அதே அலமாரிகளில் இருக்கின்றன.